ஞாயிற்றுக்கிழமை வலி

ஆகஸ்ட் 4, திங்கள்

என் பெயர் தனபால். திருப்பூரில் ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில் கம்ப்யூட்டர் டிசைனர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிசியோதெரபி டாக்டர் ஜெஸிந்தா நாட்குறிப்பு வைக்கச் சொல்லியிருக்கிறார். எப்போது வலித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், பத்துக்கு எத்தனை வலி. சனிக்கிழமைதோறும் அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். "கை வலிக்குதுன்னுதானுங்க வந்தேன், எழுதுன்னா எப்படிங்க டாக்டர்?" என்று கேட்டேன். "எழுத வேண்டாம் சார். போன்ல மைக்கை அமுக்கிட்டுப் பேசுங்க, அதுவே எழுதிக்கும்" என்றார்.

பேசுகிறேன், எழுதிக்கொள்கிறது. நிறுத்து என்று அமுக்குகிறவரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே தொல்லை, நாம் சாதாரணமாகப் பேசுகிற பேச்சு இதற்குச் சரியாகப் புரிவதில்லை. அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுத்துத் தமிழில் சொல்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே சொல்லிவிட்டு, தப்பாக விழுந்தால் திரும்பச் சொல்கிறேன். சமையலறையில் என் மனைவி சுகந்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இது பதினைந்து வருடமாக மவுஸ் பிடிக்கிற கை. மெஷின் துணியில் போடுகிற பூ, புலி, எழுத்து எல்லாவற்றுக்கும் முதலில் ஒருவன் திரைமுன் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து வழி காட்ட வேண்டும். அந்த ஒருவன் நான். நேர்க்கோட்டுக்கு இடது கிளிக், வளைவுக்கு வலது கிளிக். இப்போது கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரை எதையோ உள்ளேயிருந்து உருவி எடுப்பது மாதிரி வலி. போன வெள்ளிக்கிழமை மவுஸ் கையிலிருந்து நழுவியது. எடுத்துச் சுவரில் அடித்தேன், செத்தது. ஆத்திரம் அடங்காமல் கீபோர்டையும் தொடையில் வைத்து இரண்டாக ஒடித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து வெளியே ஓடிவிட்டாள். முதலாளி குப்புராஜ் அண்ணன்தான் "மொதல்ல போயி டாக்டரப் பாரப்பா" என்று துரத்திவிட்டார்.

தசைநாண் போகிற உறை வீங்கிவிட்டதாம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் இப்படித்தான் ஆகுமாம். ஓய்வு கொடுத்தால் குறையும், கொடுக்காவிட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகும் பழையபடி மவுஸ் பிடிக்க முடியுமா என்று சொல்ல முடியாது என்றார் ஜெஸிந்தா. எனக்கு வேறு வேலை தெரியாது.

வலி 6.

ஆகஸ்ட் 6, புதன்

மணிக்கட்டில் கரண்ட் வைத்தார்கள். ஊசி எறும்பு கூட்டமாகக் கடிப்பது போல இருந்தது. பிறகு பிளாஸ்டிக் பட்டை வைத்த பெல்ட்டைக் கட்டிவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையை நீட்டி மடக்குங்கள் என்றார் ஜெஸிந்தா. யூனிட்டில் எழுந்து நின்று நீட்டினேன். மெஷின் ஓட்டுகிற ஒருவன், "என்னங்ணா, பறக்கப் போறீங்களா?" என்றான். நூல்கண்டை எடுத்து அவன் நெற்றியைப் பார்த்து எறிந்தேன். பட்டது. இடது கையால் எறிந்ததால் வலி ஏறவில்லை.

வந்திருக்கிற ஆர்டர் குழந்தைகள் ஜாக்கெட் முதுகுக்கு ஒரு சிங்க முகம். பிடரி மயிர் மட்டுமே கண்ணைக் கட்டுகிறது. எவன் வரைந்தானோ, அவனைக் கூப்பிட்டு ஒவ்வொரு மயிராகப் பிடுங்கச் சொல்ல வேண்டும்.

வலி 7.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோடரி இருந்தால் இந்தக் கையை வெட்டிக் குப்புராஜ் அண்ணன் மேஜையில் வைத்துவிட்டு வந்திருப்பேன். வலி 8.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுமுறை. கம்ப்யூட்டரைத் தொடவில்லை. காலையில் பைக்கைத் துடைத்தேன், முடி வெட்டிக்கொண்டேன். மதியம் ஆட்டுக்கறி. கறியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாள். அதற்குப் பிறகு சொல்லும்படி ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கை புடைத்துக்கொண்டது. வலி 9. அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்: ஒன்றுமில்லை. ஓய்வு.

ஆகஸ்ட் 13, புதன்

ஒன்று கண்டுபிடித்தேன். கெட்ட வார்த்தை சொன்னால் இந்த போன் எழுதுவதில்லை, நட்சத்திரம் போடுகிறது. சிங்கத்தைப் பற்றி மனதில் இருந்ததை எல்லாம் சொன்னேன். திரை முழுக்க நட்சத்திரம். சிரிப்பு வந்து சுகந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கைக்குழந்தை மாதிரி சிரிக்கிறவள்தான், மூன்று நாளாக உம்மென்று இருக்கிறாள். பார்த்துவிட்டு, "இந்தச் செந்தமிழையே எங்கிட்டயும் பேசுனீங்கன்னா பரவால்லீங்களே" என்றாள்.

"உங்கிட்ட என்ன பேசறனாமா இப்ப?"

"பேசறதில்லீங்க. அதச் சொன்னேன்."

பதில் சொல்ல வேண்டியதே இல்லை என்று விட்டுவிட்டேன். வலி 6.

ஆகஸ்ட் 14, வியாழன்

யூனியன் மில் ரோட்டில் ஒருவன் ஸ்கூட்டியை என் பைக்கில் உரசிவிட்டு "பாத்து வாங்க" என்றான். நான் பார்த்து வர வேண்டுமாம். இறங்கி அறைந்தேன். இடது கையால்தான். வலது கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறாரே டாக்டர். சொன்னபடி கேட்கிறேன் என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

வலி 5. குறைந்துகொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுகந்தியின் அண்ணன் பல்லடத்திலிருந்து வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். நான்தான் போதும் என்று நிறுத்தினேன். அதை எடுத்துக்கொண்டு மச்சான், "உங்களுக்குக் கை செரியாகற வரைக்கும் சுகந்தி வேலைக்குப் போகட்டுமுங்களே மாப்ள" என்றார். சிரித்துக்கொண்டே டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். அவரிடம் யார் போய்ச் சொன்னது? அவருக்குத் தானாகவா தோன்றியிருக்கும்?

அவர் போனதும் கதவை ஓங்கிச் சாத்தினேன். அதில் கை அடிபட்டுவிட்டது. வலி 9. விரல் முட்டியும் வீங்கியிருக்கிறது. கதவுதான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுகந்தி கன்னத்தில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "கதவுன்னு சொல்லிப்போட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "செரீங்க. கதவுக்கு வாயில்லீங்களே" என்றாள். போய்விட்டாள். அதையும் போன் எழுதிவிட்டது. எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மவுஸை இடது பக்கம் மாற்றிவிட்டேன். முதலில் குடிகாரன் கோலம் போட்டது போல இருந்தது, பிறகு பிடிபட்டது. என்ன கெட்டுப்போயிற்று, இந்தக் கை போனால் அந்தக் கை. குப்புராஜ் அண்ணன் வந்து பின்னால் நின்று பார்த்தார். "மாச ஆரம்பத்துல சாம்பிள் போயாகோணும் தனபாலு. உன்னால முடியலைன்னா இப்பவே சொல்லிப்போடு, ஈரோட்டுல ஒரு பையன் இருக்கறான்." ஈரோட்டுப் பையனின் கழுத்து என் இரண்டு கைக்கும் நன்றாகப் பிடிபடும் என்று நினைத்தேன். "முடியுமுங்ணா" என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இடது கையும். அதே இடம், அதே கட்டைவிரல், அதே உருவல். தலையை மானிட்டரில் முட்டினேன். மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பைக் ஓட்ட முடியவில்லை. சுகந்தியை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளினிக் போனேன். இடது கைக்கும் பெல்ட் கட்டினார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, விலங்கு மாட்டிய கைதி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஜெஸிந்தா என் நாட்குறிப்பை அவர் போனில் வைத்திருந்தார். தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை நீங்க கம்ப்யூட்டரைத் தொடறதே இல்லை, அப்படித்தானே சார்?"

"இல்லீங்க."

"ஆனா ஞாயித்துக்கிழமைதான் உங்களுக்கு வலி அதிகம். வாரம் பூரா அஞ்சு, ஆறு, ஏழு, மிஞ்சிப்போனா எட்டு. ஓய்வு எடுக்கற அன்னிக்கு ஒன்பது. இத்தனை பேருக்கு வைத்தியம் பண்றேன், எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை குறையத்தான் செய்யும். உங்களுக்கு மட்டும் ஏன் ஏறுது?"

"அதக் கண்டுபுடிக்கத்தான உங்ககிட்ட வந்திருக்கறனுங்க."

"மவுஸ் பிடிச்சா மணிக்கட்டு வீங்கும் சார். விரல் முட்டி வீங்காது."

கதவு என்று எழுதியிருக்கிறேனே, படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பொம்பளை பயப்படவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை விட்டுவிட்டு சுகந்தியைப் பார்த்து, "உங்களுக்கு எங்கயாவது வலி இருக்காங்க?" என்றார். சுகந்தி சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு, "எனக்கென்னங்க, நான் கம்ப்யூட்டரா பாக்கறேன்?" என்றாள்.

நல்ல பதில். ஆட்டோவில் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டாக்டர் கவனத்துக்கு: இன்று கை வலி பூஜ்ஜியம். இரண்டு கையும் பெல்ட்டுக்குள் பத்திரமாக இருந்தன. எதையும் தொடவில்லை, யாரையும் தொடவில்லை. போதுமா?

கால் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு நீங்கள் நாட்குறிப்பு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

குப்புராஜ் அண்ணன் லேப்டாப்பை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். ஊரெல்லாம் சொல்கிற மாதிரி அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. சிங்கம் முடியாவிட்டால் என் சீட்டில் ஈரோட்டான் உட்காருவான். யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் சொல்கிறேன், சுகந்தி கிளிக் செய்யட்டும். கை அவளுடையது, வேலை என்னுடையது. வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேர் உயரம் சரியில்லையாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. வளைவு என்று கத்துகிறேன், இடது கிளிக் போடுகிறாள். மூன்றாவது தடவை பெல்ட் கட்டிய கையால் பின்மண்டையில் ஒன்று போட்டேன். பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அது பட்டால் நன்றாக உறைக்கிறது. அப்புறம் வளைவு வளைவாகவே வந்தது. சொல்லிக்கொடுக்கிறவனுக்கு மரியாதை வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. பிடரி அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று மேலே மேலே தையல் போட்டுக்கொண்டே போனாள். "ஒரே எடத்துல ஊசி எறங்கிட்டே இருந்தா துணி தாங்காது. ஓட்டை உழுந்துபோயிரும்" என்று சொல்லிக் கொடுத்தேன். மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "எத்தன தடவைக்குத் தாங்குமுங்க?" என்றாள்.

"துணியப் பொறுத்தது."

"ஓட்டை உழுந்ததுக்கு அப்புறம்?"

"தூக்கி வேஸ்ட்ல போட வேண்டியதுதான். வேலையப் பாரு" என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று ஞாயிறு. சிங்கம் இருந்ததால் நேரமே இல்லை. அவள் கண், அவள் கை, என் வாய். கையில் வலி 2.

செப்டம்பர் 3, புதன்

சாம்பிள் ஓட்டினார்களாம். குப்புராஜ் அண்ணன் போனில் குதிக்கிறார். "தனபாலு, பிடரி அப்படியே காத்துல பறக்கறாப்ல இருக்குது. ஒரு நூலு அறுகல, ஒரு எடத்துல துணி சுருங்கல. பதினஞ்சு வருசத்துல நீ இப்படி ஒண்ணு பண்ணுனதே இல்லையப்பா!" நன்றிங்ணா என்றேன். வைத்துவிட்டுத் திரும்பினால் சுகந்தி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. யாரைப் பார்த்து அந்தச் சிரிப்பு?

தனக்கும் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். எழுந்து நின்று கையை நீட்டி மடக்கி, விரல்களை விரித்து மூடினாள். எனக்கு ஜெஸிந்தா சொல்லிக்கொடுத்ததை எல்லாம் நான் செய்யவில்லை, இவள் செய்கிறாள். "ரெண்டு நாள் மவுஸ் புடிச்சதுக்கே வலியா உனக்கு?" என்றேன்.

"ரெண்டு நாள் வலின்னாத்தான் செரியாகுமுங்களாம். விட்டா ஆகாதாமுங்க" என்றாள்.

செப்டம்பர் 6, சனி

குப்புராஜ் அண்ணன் நேரில் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. டீ குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டவன் எப்படியப்பா சிங்கம் போட்டிருப்பான்? எனக்குத் தெரியாதா? இந்தம்மிணிய யூனிட்டுக்கு அனுப்பு. உன்ற சீட்டுலயே உக்காரட்டும். நீ செரியாகி வா, அப்பப் பாத்துக்கலாம்."

"அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்ணா. நாஞ் சொல்றதத்தான் பண்ணுனா."

அண்ணன் அவள் பக்கம் திரும்பி, "பிடரிக்கு நடுவுல சந்து விட்டிருக்கறயே, அது உங்கூட்டுக்காரன் சொன்னதாம்மா?" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். இல்லை, பார்த்தேன் என்று சொன்னால் போதாது. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இருக்கிற இரண்டு கண்ணாலும் சொன்னேன். அவள் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இல்லீங்ணா. அது நானாப் பண்ணுனது."

கொதிக்கிறது. கெட்ட வார்த்தையாக ஐந்து நிமிடம் பேசினேன். எல்லாம் நட்சத்திரம். ★★★★ ★★★ ★★★★★ 

செப்டம்பர் 7, ஞாயிறு

வலி 10. இடம் சமையலறை. கல்லில் கை பட்டுவிட்டது. போனை மூக்கால் அமுக்கிச் சொல்கிறேன். ஆட்டோ வந்துவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டு கையிலும் மாவுக்கட்டு. வலது கையில் சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. இடது கை, ஈரத்தில் வழுக்கி விழுந்தபோது ஊன்றியதில் மணிக்கட்டில் விரிசல்.

நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன். பின்னால் யாரும் ஏதேதோ சொல்லக்கூடாது அல்லவா. ஞாயிற்றுக்கிழமை காலையில், நாளைக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். வலது கை பெல்ட்டைப் பல்லால் கழற்றினேன். அவள் சமையல் மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். எப்போதும் நிற்கிற மாதிரிதான் நின்றாள். கண்ணை மூடிக்கொள்வாள், அதுதான் வழக்கம். இந்தத் தடவை மூடவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையை ஒரு சாண் நகர்த்தினாள். அவ்வளவுதான். அவள் தலைக்குப் பின்னால் இருந்த அலமாரித் தட்டின் கடப்பைக் கல் குறுக்கே வந்துவிட்டது. தண்ணீர்க் குடம் சரிந்தது, வழுக்கி விழுந்தேன்.

பத்து வருடமாக நகராதவள் அன்றைக்குப் பார்த்து நகர்ந்தாள். அவள் நகராமல் நின்றிருந்தால் எனக்குக் கை உடைந்திருக்காது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வழுக்கி விழுந்தா இந்த எலும்பு உடையாதுங்களே. யாரைக் குத்துனீங்க?" என்றார். யாரையும் குத்தவில்லை, கல்லில் பட்டது என்றேன். உண்மைதானே. அவள்மேல் படவே இல்லை.

செப்டம்பர் 10, புதன்

இன்று முதல் மைக்கை அமுக்குவதும் நிறுத்துவதும் சுகந்தி. எனக்கு விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிகிறது. அதுவும் ஊதிப்போய் நெல்லிக்காய் மாதிரி இருக்கிறது.

காலையில் பல் தேய்த்துவிட்டாள். குளிப்பாட்டினாள். வேறு எல்லாமும் செய்தாள், அதை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்குள் இட்லியைத் திணித்தபோது சூடு அதிகம் என்று கத்தினேன். திட்டினேன். அவள் அம்மா, அண்ணன், அவள் பிறந்த நாள் வரைக்கும் போய்த் திட்டினேன். இட்லித் துண்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கி நிறுத்தியதும் கேட்டாள், "கத்தி முடிச்சுட்டீங்களா? வாயத் தொறங்க."

திறந்தேன். பசி.

யூனிட்டுக்கு மதியம் போய் வருகிறாள். என் சீட்டு. என் மவுஸ்கூட இல்லை, குப்புராஜ் அண்ணன் அவளுக்குப் புது மவுஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம்.

செப்டம்பர் 12, வெள்ளி

மூக்கு அரிக்கிறது. சொறிந்துவிட ஆள் இல்லை. சுவர் மூலையில் தேய்த்துக்கொண்டேன். ஒரு மனிதனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

செப்டம்பர் 13, சனி

ஜெஸிந்தாவுக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். "டாக்டரம்மா கேப்பாங்கல்லங்க" என்று சொல்லிக்கொண்டே, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் என் கண்முன்னாலேயே அனுப்பினாள். கல், குடம், நகர்ந்தது எல்லாம் போய்விட்டது. நானே சொன்னதுதான், என் குரலில். அரை மணி நேரத்தில் ஜெஸிந்தா கூப்பிட்டார். என்னிடம் பேசவில்லை, அவளிடம்தான். சுகந்தி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் பேசினாள். "ஆமாங்க" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க.

என்ன கேட்டிருப்பார்?

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒன்றும் நடக்கவில்லை. கறி எடுக்கவில்லை. ரசம். உப்பு சரியாக இருந்தது என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 15, திங்கள்

"செவப்பு லைட்டு எரியுதுங்க. பேசுங்க."

இது சுகந்தி. மைக்கைப் போட்டுவிட்டாள். இப்போது போனை அலமாரியின் மேல் தட்டில் வைக்கிறாள். ஏன் அங்கே வைக்கிறாய்? எனக்கு எட்டாதே.

"கையே இல்ல உங்களுக்கு. கீழ வெச்சா மட்டும் என்ன பண்ணுவீங்க?"

வெளியே போகிற சேலை கட்டியிருக்கிறாள். யூனிட்டுக்குப் போவதற்கு எதற்குப் பெட்டி? சுகந்தி, கேட்கிறேன் அல்லவா, எதற்குப் பெட்டி?

"தண்ணி அந்தச் சொம்புல இருக்குது, உறிஞ்சற குழாய் போட்டிருக்கறேன். வாய வெச்சுக் குடிச்சுக்கங்க. உங்கக்காவுக்குச் சொல்லிட்டேன், மத்தியானத்துக்குள்ள அவிநாசியில இருந்து வந்துருவாங்க. சோறு ஊட்டுவாங்க."

அக்கா எதற்கு? நீ எப்போது வருவாய்?

வாசலில் நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டுகிறாள். மணிக்கட்டை மேலே, கீழே. விரல்களை விரித்து மூடுகிறாள். ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரலைத் தொடுகிறாள். டாக்டர், உங்கள் பயிற்சியைத்தான் செய்கிறாள், இத்தனை அவசரத்திலும்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்கல்ல, ஒரே எடத்துல எறங்குனா துணி தாங்காதுன்னு. அதத்தானுங்க டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன். போறேனுங்க."

சுகந்தி, நில். நான் எழுந்து வந்தேன் என்றால் தெரியும். ★★★★ ★★★. நில் என்றேன்.

கதவைச் சாத்திவிட்டாள். பூட்டுகிற சத்தம் கேட்கவில்லை. உருண்டைக் கைப்பிடிதான், திருகினால் திறக்கும். திருகுவதற்குத்தான் கை வேண்டும். முழங்கையால் முயற்சி செய்கிறேன். வழுக்குகிறது. வாயால் கடித்துப் பார்க்கிறேன். அதுவும் வழுக்குகிறது. சொம்பு கவிழ்ந்துவிட்டது, என் கால்தான் பட்டது. சுகந்தி, தண்ணீர் கொட்டிவிட்டது. மைக்கையாவது நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். எல்லாவற்றையும் இது எழுதிக்கொண்டிருக்கிறது.

ஆட்டோ கிளம்புகிற சத்தம். சுகந்தி. சுகந்தி. சுகந்தி.

கட்டுப் போட்ட கையால்தான் இடிக்கிறேன். இடித்தால் உச்சந்தலைவரை ஏறுகிறது. இடிக்கிறேன். டாக்டர், வலி 10. இன்று திங்கட்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கதவு. சத்தியமாகச் சொல்கிறேன் டாக்டர், இந்தத் தடவை நிஜமாகவே கதவுதான்.